இரண்டு மின்சார ஸ்டேஷன் வேகன்களின் ஆர்முடுகலை ஒப்பிடுவது எப்படி: திருகோணமலை வீதிகளுக்கேற்ற ஒரு முறை

விற்பனைத் தாள்களில் ஒரு மின்சாரக் காரின் ஆர்முடுகல் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணாக அச்சிடப்படுகிறது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்ட எத்தனை செக்கன் என்பதே அந்த எண். அவுடி ஏ6 அவாண்ட் ஈ-ட்ரோன் பெர்ஃபோமன்ஸ் வகைக்கு அது 5.4, பி.எம்.டபிள்யூ. ஐ5 ஈடிரைவ்40 டூரிங் வகைக்கு 6.1, வொக்ஸ்வேகன் ஐடி.7 டூரர் புரோ வகைக்கு 6.6. மூன்றும் பின்சில்லுகளால் மட்டும் உந்தப்படுபவை, மூன்றும் இரண்டு தொன்னுக்கு மேல் எடையுள்ளவை, மூன்றும் பின்புறம் நீண்டு பொதி ஏற்ற இடம் கொண்ட ஸ்டேஷன் வேகன்கள்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் அவுடி பி.எம்.டபிள்யூ.வை விட 0.7 செக்கன் விரைவானது என்று முடித்துவிடலாம். ஆனால் இலங்கையில் கார்களுக்கான வேக எல்லை ஊர்மனைகளுக்குள் 50, வெளியே 70. 100 அனுமதிக்கப்படுவது அதிவேக நெடுஞ்சாலைகளில் மட்டுமே, அவற்றில் ஒன்றும் திருகோணமலையை எட்டவில்லை. கந்தளாய்ப் பக்கமோ ஹொரவப்பொத்தானைப் பக்கமோ ஒரு லொறியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்துவிட்டு, எதிர்ப்பக்கம் வெறுமையானதும் 70 ஐ எட்டுவதற்குத்தான் இவ்வூர்ச் சாரதிக்கு ஆர்முடுகல் தேவைப்படுகிறது. அதுவும் வீட்டார் நால்வரும் பொதிகளும் ஏறியிருக்க, குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்க, ஆடி மாத வெயிலில். ஆகவே இவ்வழிகாட்டியில் 30 இலிருந்து 70 வரை எடுக்கும் நேரமே தலையாய அளவு. 0 இலிருந்து 100 என்பது தாள்களோடு ஒத்துப்பார்ப்பதற்கான துணை அளவு. மின்சார வேகன்கள் இங்கே இன்னும் அரிது என்பதால், கையில் கிடைக்கும் இரண்டு வண்டிகள் மேலே சொன்னவையாக இல்லாமலும் போகலாம், முறை மாறாது.

தாள்களை முதலில் சமப்படுத்துதல்

இரண்டு தாள்களிலுள்ள எண்கள் ஒரே அளவுகோலால் எடுக்கப்பட்டவையா என்று பார்ப்பதே முதல் வேலை. அமெரிக்கத் தாள்களும் பிரித்தானியத் தாள்கள் சிலவும் 0 இலிருந்து 60 மைல் வரையிலான நேரத்தைத் தருகின்றன. 60 மைல் என்பது 96.6 கிலோமீற்றர், எஞ்சிய மூன்றரைக் கிலோமீற்றர் வேகத்தை எட்ட இந்த வகை வண்டிகளுக்கு ஏறத்தாழ கால் செக்கன் வேண்டும். அத்துடன் அமெரிக்காவில் பலர் வண்டி முதல் ஓர் அடி தூரத்தை, அதாவது ஏறக்குறைய 30 சென்ரிமீற்றரை, உருண்டு கடந்த பின்னரே கடிகாரத்தை ஓடவிடுகிறார்கள். நேர்கோட்டில் குறுந்தூரம் ஓடும் இழுவைப் பந்தயத் (drag race) திடல்களிலிருந்து வந்த வழக்கம் இது. அதனால் மேலும் கால் செக்கன் அல்லது சற்றுக் கூடுதலாக மறைந்துவிடுகிறது. இரண்டையும் கூட்டினால் அரைச் செக்கனைத் தாண்டும். அவுடிக்கும் பி.எம்.டபிள்யூ.வுக்கும் தாளில் உள்ள வித்தியாசமே 0.7 செக்கன்தான் என்பதை நினைவிற்கொண்டால், ஒரு வண்டிக்கு ஐரோப்பியத் தாளையும் மற்றதற்கு அமெரிக்க வீடியோவையும் வைத்து ஒப்பிடுவது ஏன் வீண்வேலை என்பது விளங்கும்.

அடுத்தது, அச்சிடப்பட்ட வலு எந்த நிலையில் கிடைக்கிறது என்பது. ஏ6 அவாண்டின் அந்த வகைக்கு வலு 270 கிலோவாற்று. நின்ற நிலையிலிருந்து முழு விரைவோடு புறப்பட உதவும் புறப்பாட்டுக் கட்டுப்பாட்டை (launch control) இயக்கினால் மட்டும் 280. ஐ5 இன் 430 நியூற்றன் மீற்றர் முறுக்கம் ஸ்போர்ட் பூஸ்ட் எனப்படும் குறுநேர வலுக்கூட்டல் அல்லது புறப்பாட்டுக் கட்டுப்பாடு இயங்கும்போது கிடைப்பது. தாளிலுள்ள செக்கன்கள் இந்த உச்ச நிலைக்குரியவை. நாளாந்த ஓட்டத்தில் யாரும் அந்த நிலையில் வண்டியை வைத்திருப்பதில்லை. எனவே ஒப்பீட்டை இரு தடவை செய்ய வேண்டும்: ஒரு தடவை இரண்டு வண்டிகளையும் அவற்றின் உச்ச நிலையில் வைத்து, மறு தடவை திறப்பு போட்டவுடன் வண்டி தானாக எடுத்துக்கொள்ளும் வழமை நிலையில் வைத்து. ஒன்றை உச்சத்திலும் மற்றதை வழமையிலும் வைத்து எடுத்த எண் எதற்கும் உதவாது.

இலங்கைக்கென ஓர் எச்சரிக்கையும் உண்டு. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மின்சாரக் கார்களின் உற்பத்தி வரி இங்கே மோட்டரின் கிலோவாற்று அளவை வைத்துக் கணிக்கப்படுவதால், வலு குறைந்த வகைகள் கொண்டுவரப்படலாம். ஒரே பெயரில் வெவ்வேறு வலுவுடைய வகைகள் உலகச் சந்தையில் இருப்பதால், வெளிநாட்டு இணையத்தில் பார்த்த செக்கன்கள் நம் முன்னே நிற்கும் வண்டிக்குரியவை என்று எண்ணிவிடக் கூடாது. பதிவுச் சான்றிதழிலும் வண்டியின் தகட்டிலும் உள்ள கிலோவாற்று எண்ணைப் பார்த்து, அதே எண்ணுக்குரிய தாளைத் தேடி எடுக்க வேண்டும்.

800 வோல்ற்று அமைப்புள்ள வண்டி 400 வோல்ற்று வண்டியை விட விரைந்து பாயும் என்றொரு பேச்சு இருக்கிறது. அவுடியின் இவ்வகை முன்னதைச் சேர்ந்தது, ஐ5 பின்னதைச் சேர்ந்தது என்பது உண்மை. ஆனால் உயர்ந்த வோல்ற்றளவின் முதன்மையான பயன் விரைவாகச் சார்ஜ் ஏற்றுவதும் கம்பிகளில் வெப்பத்தைக் குறைப்பதுமே. சில்லில் கிடைக்கும் விசையை மோட்டரின் முறுக்கமும் பற்சக்கர விகிதமும் வண்டியின் திணிவும் தீர்மானிக்கின்றன.

இடமும் நேரமும்

பொது வீதியில் இச்சோதனையைச் செய்யக் கூடாது. நிலாவெளி வீதியில் கரையோர மணல் தார்மேல் படிந்திருக்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் மாடுகள் குறுக்கே வரும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானைகள் வீதியைக் கடக்கும். உரிமையாளரின் அனுமதியோடு, வாயில் பூட்டி, உள்ளே ஆள்நடமாட்டமில்லாத ஒரு தனியார் வளாகத்தின் நேரான தார்ப்பாதையைப் பெறுவதே முறை. அதற்கு வேண்டிய நீளம் பலர் நினைப்பதை விடக் குறைவு. செக்கனுக்குச் செக்கன் 4 மீற்றர் ஆர்முடுகலில் 30 இலிருந்து 70 ஐ எட்ட 40 மீற்றருக்கும் குறைவான தூரமே செல்கிறது. அங்கிருந்து பதற்றமில்லாமல் பிறேக் பிடித்து நிறுத்த இன்னொரு 40 மீற்றர். தொடக்க ஓட்டத்தையும் பாதுகாப்பு இடைவெளியையும் சேர்த்தாலும் 250 மீற்றர் போதும். 0 இலிருந்து 100 வரை அளப்பதற்கு எட்டும் தூரமே 90 மீற்றரைத் தாண்டும், நிறுத்தும் தூரமோ இரட்டிப்பாகும். 400 மீற்றருக்குக் குறைந்த பாதையில் அதைத் தொடவே வேண்டாம்.

பாதை மட்டமாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. மேசன்மார் அத்திவாரம் போடும்போது பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயைப் பாதையோரமாகப் பத்து மீற்றருக்கு நீட்டிப் பிடித்தால், இரு முனைகளின் நீர்மட்டத்துக்கும் தரைக்கும் உள்ள உயர வித்தியாசம் 10 சென்ரிமீற்றர் என்றால் சாய்வு 1 சதவீதம். இச்சிறு சாய்வு ஆர்முடுகலிலிருந்து செக்கனுக்குச் செக்கன் 0.1 மீற்றரைக் கழிக்கிறது அல்லது கூட்டுகிறது. 6 செக்கனில் 100 ஐ எட்டும் வண்டிக்கு அது ஏறத்தாழ 0.13 செக்கன். ஒரு வண்டியை ஏற்றத்திலும் மற்றதை இறக்கத்திலும் ஓட்டினால் வித்தியாசம் கால் செக்கனைத் தாண்டிவிடும். ஆகையால் எந்தப் பாதையானாலும் இரு திசையிலும் சம எண்ணிக்கையில் ஓட வேண்டும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்றைப் பற்றிய கேள்வி எழுவது இயல்பே. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், 70 இல் ஓடும் இத்தகைய வேகனுக்கு வளித்தடை ஏறத்தாழ 115 நியூற்றன் கூடும். இது 1 சதவீதச் சாய்வு தரும் தடையில் ஏறக்குறையப் பாதி. ஆகவே இந்த வேகங்களில் காற்றை விடச் சாய்வே கூடிய கவனத்துக்குரியது. இரு திசை ஓட்டம் காற்றின் பெரும்பகுதியையும் நீக்கிவிடும். காற்று சுழன்றடிக்கும் பின்னேரத்தை மட்டும் தவிர்த்துக்கொள்ளலாம்.

வெப்பத்தைத் தவிர்ப்பதா, சேர்த்துக்கொள்வதா என்பதில் நான் சேர்த்துக்கொள்ளும் பக்கம். பற்றரி அளவுக்கு மேல் சூடாகும்போது அதைக் காக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு வலுவைக் குறைக்கிறது. ஜேர்மனியின் இளவேனிலில் எடுத்த எண் திருகோணமலையின் நண்பகலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எனவே காலை ஆறு மணியளவில் ஒரு தொகுதியும் நண்பகல் ஒரு மணியளவில் மற்றொரு தொகுதியும் எடுக்க வேண்டும். இரண்டு வண்டிகளும் முன்னைய இரவு ஒரே வகையான நிழலில் நின்றிருக்க வேண்டும். நண்பகல் தொகுதிக்கு முன் இரண்டும் ஒரே அளவு நேரம் வெயிலில் நிற்க வேண்டும். குளிரூட்டி இரண்டிலும் ஓடட்டும். அதன் அமுக்கி சில கிலோவாற்றை எடுத்துக்கொள்ளும். 270 கிலோவாற்று வண்டியில் அது ஒரு சதவீதம் அளவுதான், நூறு சொச்சம் கிலோவாற்றுள்ள சிறிய வண்டியில் இரண்டு, மூன்று சதவீதமாகும். ஆயினும் இவ்வூரில் குளிரூட்டியை நிறுத்திவிட்டு ஓட்டுபவரை நான் இன்னும் கண்டதில்லை.

எதனால் அளப்பது

வேகமானியை மட்டும் நம்பக் கூடாது. ஐக்கிய நாடுகள் சபையின் 39 ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி வேகமானி உண்மை வேகத்தை விடக் குறைத்துக் காட்டக் கூடாது; ஆனால் உண்மை வேகத்தின் பத்திலொரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீற்றரும் வரை கூட்டிக் காட்டலாம். அதாவது வேகமானி 70 என்னும்போது உண்மை வேகம் 60 ஆகவும் இருக்கலாம், விதி மீறப்படவில்லை. இரண்டு வண்டிகளின் வேகமானிகள் வெவ்வேறு அளவு கூட்டிக் காட்டினால், கூடுதலாகக் கூட்டிக் காட்டும் வண்டிதான் வென்றதுபோல் தோன்றும்.

நல்ல வழி, செக்கனுக்கு 10 தடவை அல்லது அதற்கு மேல் பதியும் ஜி.பி.எஸ். கருவி. டிராகி போன்ற சிறு கருவிகள் இதற்கென்றே விற்கப்படுகின்றன. ரேஸ்லொஜிக் நிறுவனத்தின் வீபொக்ஸ் கருவிகள் தொழில்முறைச் சோதனையாளர்கள் பயன்படுத்துபவை, விலையும் அதற்கேற்ப. கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். பொதுவாகச் செக்கனுக்கு ஒரு தடவையே பதிகிறது. அந்த ஒரு செக்கனில் வேகம் மணிக்கு 16 கிலோமீற்றர் கூடிவிடும் என்பதால் ஆர்முடுகலை அதனால் நேரடியாக அளக்க முடியாது.

ஆனால் கருவி வாங்காமலும் ஓரளவு நம்பத்தக்க எண்ணைப் பெறலாம். மாறாத வேகத்தில் போகும்போது தொலைபேசியின் ஜி.பி.எஸ். நன்கு துல்லியமானது. முதலில் ஒவ்வொரு வண்டியையும் ஜி.பி.எஸ். 30 காட்டும்படி சீராக ஓட்டி, அப்போது வேகமானி என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 70 இலும் அவ்வாறே. ஒரு வண்டியில் அவை 31, 73 ஆகவும் மற்றதில் 32, 75 ஆகவும் இருக்கலாம். பின்பு தொலைபேசியைத் தாங்கியில் அசையாமல் பொருத்தி, வேகமானியைச் செக்கனுக்கு 60 சட்டக (frame) வீடியோவாக எடுத்து, அவ்வவ் வண்டிக்குரிய எண்கள் தோன்றும் சட்டகங்களை எண்ணி 60 ஆல் வகுத்தால் நேரம் கிடைக்கும். எண்ணிலக்கத் திரை சற்றுப் பிந்தித்தான் மாறும்; ஆனால் தொடக்கத்திலும் முடிவிலும் அது பிந்துவதால் பெரும்பாலும் கழிந்துவிடும். எஞ்சும் தவறு ஒன்று, இரண்டு பத்திலொரு செக்கன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டங்கள்

ரயர்களின் காற்றழுத்தத்தைக் காலையில் வண்டி நகர்வதற்கு முன்பே, கதவுத் தூணில் ஒட்டியுள்ள தாளின்படி சரிசெய்யுங்கள். ஒரு வண்டியில் 19 அங்குலச் சில்லும் மற்றதில் 21 அங்குலமும் இருந்தால் அதைக் குறிப்பில் எழுதுங்கள். மாற்ற முடியாதவற்றைக் குறைந்தது மறைக்காமல் இருக்கலாம். சார்ஜ் இரண்டிலும் 80 சதவீதத்துக்கு அண்மையில் இருக்கட்டும். ஒரே சாரதியே இரண்டையும் ஓட்ட வேண்டும்.

வரிசை முக்கியமானது. முதல் வண்டியை முழுதாக முடித்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கினால், இடைப்பட்ட நேரத்தில் தரையும் காற்றும் சூடாகிவிடும். முதலாவது, இரண்டாவது, இரண்டாவது, முதலாவது என்ற ஒழுங்கில், ஒவ்வொரு முறையும் போகவொன்று வரவொன்று என ஓட்டினால் அந்த மாற்றம் இருவருக்கும் சமமாகப் பங்கிடப்படும். 30 ஐ விடச் சற்றுக் குறைந்த வேகத்தில் சீராக உருண்டுவந்து, அடையாளக் கல்லைக் கடக்கும்போது அக்சிலரேற்றரை ஒரே அழுத்தில் அடிவரை மிதிக்க வேண்டும். ஓட்டங்களுக்கு இடையில் ஐந்து நிமிட ஓய்வு. ஒரு திசைக்கு ஐந்து ஓட்டமாவது வேண்டும்.

இதன் பின்னரே வேகன் வேகனாகிறது. நான்கு பேரையும் பொதியையும் சேர்த்து 400 கிலோகிராம் ஏற்றினால், 2,200 கிலோகிராம் வண்டியின் திணிவு 18 சதவீதம் கூடுகிறது; விசை மாறாதிருக்கையில் நேரமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடும். ஆனால் எல்லா வண்டியும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பின்சில்லால் உந்தப்படும் வண்டியில் பொதி பின் அச்சின்மேல் அமர்ந்து ரயரின் பிடிப்பைக் கூட்டுகிறது. எம்.ஜி. 5, பியூஜோ ஈ-308 எஸ்.டபிள்யூ. போன்ற முன்சில்லு வேகன்களில் பின்னால் ஏற்றிய சுமை முன் அச்சை இலேசாக்குகிறது. ஆர்முடுகும்போது எடை இயல்பாகவே பின்னோக்கிச் சாய்வதால், ஈரத்தாரிலோ மணல் படிந்த தாரிலோ முன்சில்லு சுழன்று வலு வீணாகும். மாரி மழைக்கால ஓட்டத்தையும் நினைத்து வாங்குபவர் இந்தச் சுமையேற்றிய ஒப்பீட்டைத் தவிர்க்கவே கூடாது. சோதனைக்கு ஆட்களை ஏற்ற வேண்டியதில்லை; அரிசி மூடைகளைத் தராசில் நிறுத்து, பின் இருக்கையிலும் பொதியறையிலும் அசையாதபடி கட்டினால் போதும்.

மூன்றாவதாக, சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கிய பின் ஒரு தொகுதி. பற்றரி வெறுமையாகும்போது அதன் வோல்ற்றளவு தாழ்கிறது, மின்னோட்டத்துக்கோ ஓர் உச்சவரம்பு உண்டு. இரண்டின் பெருக்கமே வலு என்பதால் வண்டி தளர்கிறது. எவ்வளவு தளர்கிறது என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும், விற்பனைத் தாள்களில் இது அச்சிடப்படுவதில்லை. கொழும்பிலிருந்து புறப்பட்டு வழியில் சார்ஜ் ஏற்றாமல் வரும் ஒருவர், ஹபரணையைத் தாண்டிய இறுதிப் பகுதியில் இந்தத் தளர்ந்த வண்டியைத்தான் ஓட்டுகிறார். நண்பகலில், ஓய்வில்லாமல் பத்து ஓட்டங்களை அடுத்தடுத்து எடுத்து, முதலாவதையும் பத்தாவதையும் ஒத்துப்பார்ப்பதும் இதே தொகுதியில் அடங்கும்.

எண்களை வாசித்தல்

ஒவ்வொரு தொகுதியிலும் சராசரியை விட இடையத்தை, அதாவது நேரங்களை வரிசைப்படுத்தும்போது நடுவில் நிற்கும் எண்ணை, எடுப்பது நல்லது. ஒருமுறை சில்லு வழுக்கியதோ சாரதி பிந்தி மிதித்ததோ சராசரியை இழுத்துவிடும், இடையத்தை அவ்வளவாக அசைக்காது. அதனுடன் வீச்சையும் எழுதுங்கள். ஒரு வண்டியின் பத்து ஓட்டங்கள் 2.6 இலிருந்து 2.9 செக்கன் வரை பரந்திருக்க, இரண்டு வண்டிகளின் இடையங்களுக்கிடையே 0.1 செக்கன் மட்டுமே வேறுபாடு என்றால், அத்தொகுதிக்கு எதிரே "வேறுபாடு காணப்படவில்லை" என்றே எழுத வேண்டும்.

வேறுபாடு தெளிவாகத் தெரிந்தாலும் அதன் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்பது தகும். 50 இல் போகும் பஸ்ஸை 70 இல் முந்துவதாக வைத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் 15 மீற்றர் இடைவெளி, பஸ்ஸின் நீளம் 12, காரின் நீளம் 5. பஸ்ஸோடு ஒப்பிடுகையில் 47 மீற்றர் கடக்க வேண்டும். வேக வித்தியாசம் 20 என்பதால் அதற்கு எட்டரைச் செக்கன் செல்லும், அதற்குள் கார் 160 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். 50 இலிருந்து 70 ஐ எட்டும் கட்டமோ ஒரு வண்டிக்கு 1.2 செக்கன், சற்றுத் தளர்ந்த வண்டிக்கு 1.6 செக்கன், முழு முந்தலிலும் இதனால் ஏற்படும் வேறுபாடு கால் செக்கனைக்கூட எட்டாது. வேக எல்லைக்குள் ஓட்டுபவருக்கு அவுடியின் 270 கிலோவாற்றும் ஐ5 இன் 250 கிலோவாற்றும் ஏறக்குறைய ஒன்றே என்பதுதான் என் கணிப்பு. எந்த வண்டி சுமையோடும் வெப்பத்தோடும் குறைந்த சார்ஜோடும் தன் காலை நேர எண்ணிலிருந்து குறைவாக விலகுகிறதோ, அதற்கே நான் கூடிய மதிப்பெண் இடுவேன்.

ஆகவே முடிவுத் தாளில் ஒரு வண்டிக்கு நான்கு எண்கள் இருக்கட்டும்: காலையில் வெறுமையாக எடுத்தது, காலையில் சுமையோடு எடுத்தது, நண்பகலில் சுமையோடு எடுத்தது, 20 சதவீதச் சார்ஜில் எடுத்தது. நான்கும் வழமை நிலையில் எடுக்கப்பட்டவை. உச்ச நிலை எண்ணைக் கீழே தனியாக எழுதலாம். முதலாவது எண்ணிலிருந்து நான்காவது எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்பதை அவற்றின் பக்கத்தில் எழுதி, வாங்கப் போகிறவரிடம் அந்தத் தாளையும் வீடியோக்களையும் சேர்த்தே கொடுங்கள். ஐயம் எழும் ஓட்டத்தின் சட்டகங்களை அவரே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.